எடுப்பு தெரிந்த சபை

(திருவனந்தபுரம் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய இளைஞர்கள் மேடையில் 'லைவ் லூப்பிங்' என்று ஒன்று செய்கிறார்கள். காலடியில் ஒரு சின்னப் பெட்டி. பாடகர் ஒரு வரியைப் பாடிப் பெடலை மிதித்தால், அது பதிவாகித் திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன்மேல் இன்னொரு வரி, அதன்மேல் தாளம் என்று அடுக்கலாம். ஒரே ஆள் ஒரு கோஷ்டியாகிவிடுவார். 1970களிலேயே ராபர்ட் ஃப்ரிப் என்ற ஆங்கிலேய கிடார் கலைஞர், இரண்டு டேப் ரிக்கார்டர்களை இணைத்து இப்படி வாசித்தார். "முன்கூட்டித் தயார் செய்யாமல் மேடையிலேயே கற்பனை பண்றதுதான் தாத்தா இதுல விசேஷம்" என்று என் தங்கையின் பேரன் எனக்கு விளக்கினான்.

நமக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களும் சுற்றிச் சுற்றித்தான் வருகின்றன. நிரவலில் ஒரே வரி மீண்டும் மீண்டும் வருகிறது. கல்பனா ஸ்வரம் எங்கே சஞ்சரித்தாலும் எடுப்புக்கு வந்து சேர வேண்டும். ஆனால் பெட்டியில் பதிந்த வரி மாறாது. நிரவலில் சாகித்யம் தன் இடத்தில் நிற்க, சங்கீதம் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகிறது. சுற்றைக் காப்பாற்றும் பொறுப்பும் மனிதர்களுடையது.

இதற்கு நம் ஊர் நவராத்திரி மண்டபத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. ஸ்வாதித் திருநாள் மகாராஜாவின் (1813–1846) ஒன்பது கிருதிகள், ஒன்பது நாட்கள். முதல் நாள் சங்கராபரணம், நான்காம் நாள் தோடி, ஒன்பதாம் நாள் ஆரபி. இன்று என்ன ராகம், என்ன கிருதி என்பது வருகிறவர்களுக்கு முன்பே தெரியும். ஆகவே கேட்க வருவது வித்வானின் மனோதர்மத்தைத்தான். தானத்துக்கு மிருதங்கமும் சேர்ந்து வாசிப்பது இந்த மண்டபத்தின் தனி வழக்கம். கைதட்டல் கிடையாது. பெண்கள் பாடும் வழக்கமும் இல்லாத அந்த இடத்தில், 2006-ல் பாறசாலை பி. பொன்னம்மாள் முதன்முதலாகப் பாடினார். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. 2021-ல் அவர் காலமானார்.

கைதட்டல் இல்லாத இடத்தில் பாடகருக்கு ஆதரவு எது? எதிரே இருப்பவர்கள் கவனித்துக் கேட்கிறார்கள் என்ற நம்பிக்கைதான். எடுப்பு எங்கே என்று சபையில் ஒருவருக்கும் தெரியாவிட்டால், ஸ்வரம் சரியாக வந்து விழுந்தாலும் யாருக்கு என்ன? வேகத்துக்கும் உச்ச ஸ்தாயிக்கும் மட்டும்தான் கரகோஷம் கிடைக்கும். அப்புறம் பாடுகிறவர்களும் அதையே கொடுப்பார்கள்.

நம் குழந்தைகளைப் பாட்டு வகுப்பில் சேர்க்கிறோம்; அரங்கேற்றமும் செய்கிறோம். கேட்கப் பழக்குகிறோமா? எந்த ஊரில் இருந்தாலும், அடுத்த கச்சேரிக்குப் பேரன் பேத்தியை அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரே ஒரு கிருதிக்காவது கையில் தாளம் போடச் சொல்லுங்கள். எடுப்பு வரும்போது அவர்களாகவே நிமிர்ந்து பார்ப்பார்கள். லூப் பெட்டி வைத்துக்கொண்டு வாசிக்கப் போகிறவர்களுக்கும் அந்தக் காது உதவும்.