கையில ஒட்டின கருவி
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

 பத்தாவது படிச்சவளுக்கு மிஷினைப் பத்தி என்ன தெரியும்னு நினைக்காதீங்க. எங்க வீட்டுல ஒருத்தங்க போட்டிருந்ததால கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

எங்க சின்ன மாமியார் விடியக்காலம் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க. பத்து வருசமா சர்க்கரை. சரிவுல நிக்கும்போது கை நடுங்குது, கண்ணு இருட்டுதுன்னு சொல்வாங்க. ஆனா ரத்தம் எடுத்துப் பார்த்தா சர்க்கரை கூடத்தான் இருக்கும். டாக்டரம்மா மேல்கையில ஒரு கருவியை ஒட்டிவிட்டாங்க. பத்து ரூபாய் காசை விடக் கொஞ்சம்தான் பெரிசு. மயிர் மாதிரி ஒரு இழை தோலுக்குள்ள இருக்கும். 14 நாள் ராப்பகலா அளக்கும். செல்போனைப் பக்கத்துல காட்டினா அளவு தெரியும். மலையில டவர் கிடைக்காதேன்னு கேட்டேன். பார்க்கிறதுக்கு டவர் வேண்டாமாம், டாக்டருக்கு அனுப்பத்தான் வேணுமாம். ஆனா 8 மணி நேரக் கணக்குதான் அதுல தங்கும், அதுக்குள்ள ஒருதரம் காட்டிறணும்.

பார்த்தா, காலையில 10 மணிக்கு 60க்குக் கீழ இறங்குது! 70க்குக் குறைஞ்சாலே ஆபத்து. 4 மணிக்கு வெறும் டீயோட மாத்திரையைப் போட்டுட்டுப் போறாங்க, சோறு பத்தரைக்கு. டாக்டரம்மா மாத்திரை நேரத்தை மாத்தினாங்க. இப்ப நடுக்கம் இல்ல.

இந்தக் கருவி ரத்தத்தை அளக்கல, தோலுக்கடியில இருக்கிற நீரை அளக்குது. அதனால சில நிமிசம் பிந்தித்தான் காட்டும். நடுங்குச்சுன்னா போனைப் பார்த்துட்டு நிக்காம முதல்ல சர்க்கரையை வாயில போடுங்க.

பேஸ்மேக்கரும் இந்த வகைதான். 1958ல ஸ்வீடன்ல ஆர்னே லார்சன்ங்கிறவருக்கு முதன்முதலா உடம்புக்குள்ள வச்சாங்க. 26 கருவி மாத்தி, 86 வயசு வரைக்கும் இருந்தார். இப்ப வயரே இல்லாம, பெரிய மாத்திரை அளவுல இதயத்துக்குள்ளேயே வைக்கிறாங்க. பேஸ்மேக்கர் வச்சவங்க ஜாக்கெட்டுக்குள்ள போனைச் சொருகாதீங்க, 15 செ.மீ. தள்ளியே இருக்கணும். நம்ம ஆளுகளுக்கு அந்தப் பழக்கம் ஜாஸ்தி.

கையில ஒட்டுறது சில ஆயிரம் ரூபாய், 14 நாள் கழிச்சு தூக்கிப் போடணும். எல்லாரும் வாங்குங்கன்னு நான் சொல்ல மாட்டேன். 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷரும் சர்க்கரையும் வீடு தேடி வந்து இலவசமாப் பார்க்கிறாங்க. வர்றதும் நம்ம குழுப் பொம்பளைங்கதான். பகல்ல வந்தா மலைக்குப் போறவங்க வீடு பூட்டியில்ல கிடக்கும்? சாயங்காலம் ஜீப் இறங்குற இடத்துல வச்சுப் பார்க்கச் சொல்லி, கூட்டமைப்புல இருந்து ஒரு மனு எழுதிக் கொடுப்போம். முதல் கையெழுத்து நான் போடுறேன்.