வளம் பெருகியது, வாழ்வு சிறந்ததா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

புகழனைத்தும் அகிலத்தாரின் இறைவனான அல்லாஹ்வுக்கே உரியன.

1991ஆம் ஆண்டின் புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின் நம் நாட்டின் செல்வம் பன்மடங்கு பெருகியிருப்பதை மறுப்பதற்கில்லை. நம் பிள்ளைகள் பட்டம் பெறுகின்றனர். வளைகுடா நாடுகளுக்கும் சென்று பொருளீட்டுகின்றனர். ஹலாலான செல்வத்தை மார்க்கம் வெறுக்கவில்லை. ஜகாத் கடமையாவதே செல்வம் உடையோர் மீதுதான். ஆயினும், செல்வத்துடன் சேர்ந்து நம் இல்லங்களில் நுழைந்தவை எவை என்பதை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இக்கேள்வியை நம் ஊரில் வாழ்ந்த பெரியார் ஒருவர் முன்பே எழுப்பினார். தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜே.சி. குமரப்பா அவர்கள், 1940இல் இங்கு தொடங்கப்பெற்ற காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். பணத்தின் அளவு கொண்டு மட்டும் வாழ்வை மதிப்பிடலாகாது என்பதே அவர் வலியுறுத்திய பொருளாதாரம். பெருக்கத்தில் போட்டியிட்டு மண்ணறை வரை மதிமயங்குவோரைத் திருக்குர்ஆனின் 102ஆம் அத்தியாயம் எச்சரிப்பதையும் நாம் அறிவோம்.

இன்று அப்போட்டி நம் நிக்காஹ் பந்தல்களில் நடைபெறுகிறது. மஹர் கொடுக்க வேண்டியவன் கைக்கூலி கேட்கிறான். பெண்ணைப் பெற்றவர் நகையை அடகு வைக்கிறார். தாய் வாரத் தவணைக்குக் கடன் பெறுகிறார். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் ஒரு சட்டமும், கடன் வசூலிப்போரின் கொடுமையைத் தடுக்க 2025இல் மற்றொரு சட்டமும் நம் மாநிலத்தில் தேவைப்பட்டன. வட்டியை ஹராம் என்று மிம்பரில் நின்று கூறும் நாமும், அப்பந்தல்களில் துஆ ஓதி, விருந்துண்டு திரும்பினோம். அவ்விருந்து யாருடைய கடன் என்று ஒருமுறையேனும் கேட்டோமில்லை. இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

மூன்று தீனார் கடனுடன் இறந்த ஒருவரின் ஜனாஸாவைத் தொழவைக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் எழுந்து, அக்கடனைத் தாம் ஏற்பதாகக் கூறிய பின்னரே தொழவைத்தார்கள். கடன் பட்டவர் ஒருவரே. அதைச் சுமக்க ஜமாஅத்திலிருந்து ஒருவர் எழுந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

எனவே நிர்வாகிகளிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். கைக்கூலி பெறும் திருமணங்களுக்கு நம் நிக்காஹ் பதிவேடு திறக்கப்படலாகாது. நாமும் அங்கு ஓத மாட்டோம். பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லா அழகிய கடன் வழங்கும் ஏற்பாடு இவ்வாண்டே தொடங்கப்பட வேண்டும். ஒன்றைத் தடுத்து மற்றொன்றைத் திறக்காவிடில், ஏழை மீண்டும் வட்டிக்காரரின் வாசலிலேயே நிற்பார்.

நம் செல்வத்தில் பரக்கத்தையும், நம் உள்ளங்களில் போதுமென்ற குணத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.