புகையை விடுவதற்கும் துணை வேண்டும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. லண்டன் பார்க் றோயல் பக்கம் ஒரு உணவுத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன். ஊரில் உயர்தரம் வரை படித்தேன். அதற்கு மேல் படிக்க நாட்டு நிலைமை இடம் தரவில்லை. போன மாதம் செயலாளர் அண்ணை கோல் எடுத்து, "தம்பி, நீங்கள் நாலு பேர் சேர்ந்து சிகரெட்டை விட்டனீங்களாம். அதைப்பற்றிக் கூட்டத்தில ஒருக்காக் கதையும்" என்றார். "அண்ணை, அதுக்கு ஒரு டொக்டரையல்லோ கூப்பிட வேணும்" என்று சொன்னேன். "டொக்டர் சொன்னால் எல்லாரும் தலையாட்டிப்போட்டு, முடிஞ்சவுடனே வெளியில போய்ப் பத்துவினம். நீர் சொல்லும்" என்றார். அதனால்தான் வந்து நிற்கிறேன்.

முதலில் ஒன்று. இங்கே புகைப்பவர்கள் யாரையும் ஏச நான் வரவில்லை. புகையிலை எங்களுக்குப் புதிய சாமான் அல்ல. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை மலையாளக் கரைக்குக் கப்பலேறியது. தென்னிலங்கையில் சுருட்டுக்கடை வைத்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் எத்தனை! என் அப்பப்பாவும் திண்ணையில் இருந்து சுருட்டுக் குடித்தவர்தான். தோட்டத்தில் புகையிலை நட்டு, உணர்த்தி, விற்றுத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆகவே புகையிலையைக் கெட்ட சொல்லாக எடுத்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் இங்கே வந்த பிறகு நாங்கள் புகைக்கிற காரணம் வேறு. நான் 2011 இல் வந்தேன். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு விடுதியில் இருந்த காலம். வேலை செய்ய அனுமதியில்லை. கிழமைக் காசு 40 பவுணுக்கும் குறைவு. காலையில் எழும்பினால் கடிதம் வந்ததா என்று பார்க்கிறது, பிறகு நாள் முழுக்கச் சும்மா இருக்கிறது. அந்த விடுதி வாசலில் ஒரு சிகரெட்டை நீட்டினால் ஒரு ஆள் கதைக்க வருவான். சூடானியன், ஈரானியன், எங்கட பெடியன், எல்லாருக்கும் பொதுப் பாசை அதுதான். பிறகு வேலை கிடைத்தது. வேலைத்தலத்திலும் அதே கதைதான். 2007 யூலை முதலாம் திகதியிலிருந்து இங்கிலாந்தில் வேலைத்தலங்களுக்குள் புகைக்கக் கூடாது. அதனால் வெளியில் ஒரு கொட்டகை. அங்கே போனால் ஐந்து நிமிஷம் இயந்திரச் சத்தம் இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, தமிழ் கதைக்கலாம்.

இப்படி யோசித்துப் பாருங்கள். சிகரெட்டை விடு என்று ஒருவருக்குச் சொல்லும்போது, அந்த ஐந்து நிமிஷத்தையும் அந்தக் கூட்டாளிமாரையும் விடு என்றுதான் அவர் காதில் விழுகிறது. அதனால்தான் வீட்டில் எவ்வளவு சொன்னாலும் ஏறுவதில்லை.

எங்கள் நாலு பேருக்குள் முதலில் விட்டவர் ஒரு அண்ணை. வயது 46. 2021 கடைசியில், இரவு வேலை முடிகிற நேரம், நெஞ்சில் கல் ஏற்றி வைத்த மாதிரி இருக்குது என்று நிலத்தில் இருந்துவிட்டார். வாய்வு என்று நினைத்து இஞ்சித் தேத்தண்ணி குடிக்கப் பார்த்த மனிசன். அம்புலன்ஸ் வந்தது. மாரடைப்பு. இரத்தக் குழாய்க்குள் வலைக்குழாய் வைத்துக் காப்பாற்றினார்கள். தெற்காசிய வம்சத்தவருக்கு இந்த நாட்டில் இருதய வருத்தம் கூட என்பது வைத்தியர்கள் நெடுகச் சொல்வது. எங்கள் வீடுகளில் சலரோகமும் உண்டு, பிறசரும் உண்டு. அதற்கு மேலே புகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அன்று கண்ணால் கண்டோம்.

ஆனால் பயம் மட்டும் ஒருவரையும் விட வைக்காது. சிகரெட் பெட்டியில் எத்தனை படம் போட்டிருக்கிறார்கள்? பார்த்துப் பழகிவிட்டோம். பயம் இரண்டு கிழமை நிற்கும், பிறகு போய்விடும். ஆளுக்கு ஒரு சொந்தக் காரணம் வேண்டும். எங்களில் அண்ணைக்கு நெஞ்சு வருத்தம் காரணம். வவுனியாத் தம்பிக்கு ஆஸ்துமா உள்ள மகள். 2015 ஒக்டோபரிலிருந்து 18 வயதுக்குக் குறைந்தவர் இருக்கும் காருக்குள் புகைப்பது இங்கே சட்டப்படி குற்றம், ஆனால் வீட்டுக்குள் அப்படிச் சட்டம் இல்லை. யன்னலைத் திறந்து வைத்தால் காணும் என்று அவர் நினைத்திருந்தார். மற்றவர் விடும் புகையில் 80 வீதத்துக்கு மேல் கண்ணுக்கும் தெரியாது, மணக்கவும் மாட்டாது என்று தாதி சொன்ன பிறகுதான் அவர் முடிவெடுத்தார். மூன்றாமவருக்குக் கடன்.

என் காரணம் அம்மா. அகதிப் பயணப் பத்திரத்தில் நாங்கள் ஊருக்குப் போக முடியாது. இது உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மாவை இந்தியாவுக்குக் கூப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருசம் அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கொப்பியில் கணக்குப் போட்டேன். இன்றைய விலையிலேயே சொல்கிறேன்: 20 சிகரெட் உள்ள பெட்டி 15 பவுணுக்கு மேல். நாளுக்கு அரைப் பெட்டி என்றால் வருடத்துக்கு 2,700 பவுணுக்கு மேல். 2022 தையில் விட்டேன். அந்தக் காசைத் தனியாக ஒரு கணக்கில் போட்டேன். 2023 ஆடியில் 12 வருடத்துக்குப் பிறகு திருச்சியில் அம்மாவைக் கண்டேன். அவவுக்கு முழங்கால் ஏலாது. கோயிலுக்குப் படியேற நான் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். ரிக்கற் காசின் பெரும்பங்கு அந்தக் கணக்கிலிருந்துதான் போனது.

சரி, ஏன் விடுவது கஷ்டம்? உயர்தரத்தில் உயிரியல் படித்த பழக்கத்தில் கொஞ்சம் சொல்கிறேன். இழுத்த புகையில் உள்ள நிக்கொட்டின் 10 தொடக்கம் 20 செக்கனுக்குள் மூளைக்குப் போய்விடும். அங்கே ஒரு சுகத்தைக் கொடுக்கும். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அப்போது எரிச்சல், பதகளிப்பு, ஒரு வேலையிலும் மனம் நில்லாமை. அடுத்ததைப் பற்றவைத்தால் அது அடங்கும். "ரென்சனுக்குத்தான் பத்துறன்" என்று நாங்கள் சொல்வது இதைத்தான். உண்மையில் போன சிகரெட் தந்த ரென்சனை இந்தச் சிகரெட் தணிக்கிறது. ஏஜென்சிக் காசுக்கு வட்டிக்கு வாங்கி, அந்த வட்டியைக் கட்ட இன்னொருவரிடம் வட்டிக்கு வாங்கின கதை எங்களுக்குத் தெரியும்தானே? அதே கதைதான் இது.

போரால் மனம் பாதிக்கப்பட்டவர்கள் எங்களுக்குள் கனபேர். சிகரெட்டையும் விட்டால் மனம் இன்னும் குழம்பும் என்று பயப்படுகிறார்கள். ஆய்வுகள் காட்டுவது மறுபக்கம். விட்டுச் சில கிழமைகள் கடந்தவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் பொதுவாகக் குறைகின்றன. ஆனால் மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியருக்குச் சொல்லிவிட்டுத்தான் விட வேண்டும். சில மருந்துகளின் அளவைப் புகை மாற்றுகிறது. விட்டவுடன் மருந்தின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம்.

இனி, யாரிடம் போவது? இந்த நாட்டில் புகையை நிறுத்த உதவும் இலவசச் சேவை இருக்கிறது. 2013 இலிருந்து உள்ளூர்க் கவுன்சில்கள் இதைப் பொறுப்பெடுத்து நடத்துகின்றன. உங்கள் ஜீ.பீ.யிடம் அல்லது பாமசியில் கேட்டால் வழி சொல்வார்கள். விசா இன்னும் கிடைக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் ஜீ.பீ.யிடம் பதிய விசாக் கடிதம் காட்டத் தேவையில்லை. அகதிக் கொடுப்பனவில் இருப்பவர்களுக்கு எச்.சி. 2 என்ற சான்றிதழ் உண்டு. அதைக் காட்டினால் மருந்துச் சீட்டுக்குக் காசில்லை. ஆங்கிலம் வராது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். தனியே விடப் பார்ப்பவரை விட, இந்தச் சேவையின் துணையோடு விடுபவர் வெற்றி பெறும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று தேசிய சுகாதார சேவை சொல்கிறது.

நாங்கள் நாலு பேரும் போனோம். ஒரு சின்னக் கருவியில் ஊதச் சொன்னார்கள். மூச்சில் எவ்வளவு காபன் மொனொக்சைட் இருக்கிறது என்று அது இலக்கத்தில் காட்டும். விட்டு இரண்டு நாளில் அந்த விசவாயு உடம்பை விட்டுப் போய்விடும். அடுத்த கிழமை ஊதும்போது இலக்கம் விழுந்திருந்ததைப் பார்த்த சந்தோசம், பரீட்சை மறுமொழி பார்த்த மாதிரி.

மருந்துகளும் உண்டு. தோலில் ஒட்டுகிற பட்டை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாய் நிக்கொட்டினைத் தரும். திடீரென்று ஆசை வரும் நேரத்துக்குச் சூயிங்கம். இரண்டையும் சேர்த்துப் பாவிப்பது ஒன்றைப் பாவிப்பதை விட நல்லது. அந்தக் கம்மைச் சும்மா சப்பிக்கொண்டே இருக்கக் கூடாது. காரம் வந்ததும் வெற்றிலையை ஒதுக்குவது போலக் கன்னத்துக்குள் ஒதுக்க வேண்டும். "நிக்கொட்டினை விட நிக்கொட்டினா?" என்று கேட்கலாம். நிக்கொட்டின் அடிமையாக்கும். ஆனால் புற்றுநோயும் மாரடைப்பும் தருவது பெரும்பாலும் புகையில் உள்ள தாரும் வாயுக்களும்தான். வறெனிக்கிளின், சைற்றிசின் என்ற குளிசைகளும் இருக்கின்றன. சைற்றிசின் 2024 இலிருந்து இங்கே கிடைக்கிறது. அவை எல்லாருக்கும் ஒத்துவராது, வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். வேப் என்பது புகைப்பவர் விடுவதற்கு ஒரு வழியாக இருக்கலாம். புகைக்காத பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஆனாலும் மருந்து பாதி, ஆட்கள் பாதி. நாங்கள் நாலு பேரும் வைத்த ஒழுங்கைச் சொல்கிறேன்.

முதலாவது, இடைவேளையை விடவில்லை. 6 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு 20 நிமிட இடைவேளை இந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. புகைக்கிறவருக்கு மட்டும் உள்ள உரிமை அல்ல அது. கொட்டகைக்குப் பதிலாகக் கன்ரீனில் கூடினோம். பிளேன்ரீ, வறுத்த கடலை, சில நாள் யாராவது வீட்டிலிருந்து எள்ளுருண்டை.

இரண்டாவது, ஆசை வந்தால் மற்றவருக்கு ஒரு கோல். அந்த ஆசை பெரும்பாலும் ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிடும். ஐந்து நிமிஷம் ஊர்க்கதை கதைத்தால் கடந்துவிடும். விடிய மூன்று மணிக்கும் எடுத்திருக்கிறோம்.

மூன்றாவது, தவறினவரைப் பகிடி பண்ணுவதில்லை. எங்களில் ஒருவர் ஒன்பதாம் கிழமை ஒரு செத்தவீட்டில் ஒன்றைப் பற்றிவிட்டார். பிறகு வெட்கத்தில் எங்கள் கோலையே எடுக்கவில்லை. அண்ணை அவரின் வீட்டுக்குப் போய், "ஒண்டு பத்தினது ஒண்டுதான். ஒன்பது கிழமை ஒன்பது கிழமைதான். நாளைக்கு வா" என்று கூட்டிக்கொண்டு வந்தார். இன்றைக்கு அவரும் புகைப்பதில்லை.

வீட்டிலுள்ள சகோதரிமாருக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஒரு மாதம் அவர் சிடுசிடுப்பார். பசி கூடும், நித்திரை குழம்பும். அதைக் குணம் என்று எடுக்காதீர்கள். "இப்பிடிக் கத்துறதுக்குப் பத்தியே துலையுங்கோ" என்ற ஒரு சொல் போதும், எல்லாம் கெட்டுவிடும். வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மாமாருக்கும் ஒரு சொல்: வாய்ப்புற்றுநோய்க்கு அது நேர் வழி. அதை விடவும் இதே சேவையில் உதவி கேட்கலாம்.

"இவ்வளவு வருசம் பத்தியாச்சு, இனி விட்டென்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. றிச்சர்ட் டொல் என்ற பேராசிரியரும் அவரது கூட்டாளிகளும் 1951 இல் தொடங்கி பிரித்தானிய ஆண் வைத்தியர்கள் 34,439 பேரை 50 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 2004 இல் முடிவு வந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் புகைக்காதவர்களை விடச் சராசரியாக 10 வருடம் முந்தி இறந்தார்கள். 60 வயதில் விட்டவர் ஏறக்குறைய 3 வருடத்தையும், 50 இல் விட்டவர் 6 வருடத்தையும், 40 இல் விட்டவர் 9 வருடத்தையும், 30 இல் விட்டவர் அந்தப் பத்தையும் திரும்பப் பெற்றார்கள். எங்கட வாழ்க்கையில் எத்தனையோ வருடங்களை மற்றவர்கள் பறித்தார்கள். திரும்பக் கிடைக்கக்கூடிய வருடங்களை நாங்களாக ஏன் கொடுக்க வேண்டும்?

சங்கத்திடமும் ஒன்று கேட்கிறேன். விட விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்க ஒரு கொப்பி வையுங்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்த்து விடுவோம். சித்திரை வருடப் பிறப்பு, ஏப்ரல் 14, தொடங்க நல்ல நாள். மருத்துநீர் வைத்து முழுகி, கைவிசேசம் வாங்குகிற நாளில் தொடங்கினால் மே 11 ஆம் திகதி 28 ஆவது நாள். 28 நாள் தாண்டியவர் முழுதாக விடும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்று சொல்கிறார்கள். ஆனால் அதற்கு முதலே பாமசியில் போய்க் கதைத்து, மருந்தை எடுத்து வையுங்கள். ஆயத்தம் இல்லாமல் வீறாப்பில் தொடங்க வேண்டாம். என் தொலைபேசி இலக்கம் செயலாளரிடம் இருக்கிறது. இரவு வேலைதான், எந்த நேரமும் விழித்திருப்பேன்.