திரை வழியே ஒரு புதுமொழி

தமிழகத்துக்கு வெளியே தில்லியிலும் மும்பையிலும் பிற நகரங்களிலும் வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மொழிச் செல்வம் இளமையிலேயே வாய்த்துவிடுகிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி அல்லது மராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என மூன்று மொழிகளோடு அவர்கள் வளர்கிறார்கள். இப்பொழுது நான்காவதாக ஓர் அயல்மொழியும் வந்து சேர்கிறது. உயர்நிலைப் பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுள் ஒன்றாக ஸ்பானிய மொழியையும் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறிப்பிடுகிறது. ஏறக்குறைய 20 நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் மொழி அது. ஆயின், அதைக் கற்பிக்கவல்ல ஆசிரியர் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. ஆகவே பிள்ளைகள் பலர் இணையத்தின் வாயிலாக, கணினித் திரையின் முன் அமர்ந்து அதைப் பயில்கின்றனர்.

அவ்வாறு பயிற்றும் ஆசிரியர் சிலருள் நாங்களும் உள்ளோம். எங்கள் முதல் ஆண்டில் நேர்ந்த ஒரு பிழையைச் சொல்லித் தொடங்குவதே முறை. 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்பறையில் நடத்திய பாடத்தை அப்படியே திரைக்கு மாற்றினோம். நாங்கள் பேசினோம், பிள்ளைகள் கேட்டார்கள். பாட முடிவில் நான்கு விடைகளுள் சரியானதைத் தேர்ந்து தொடும் தேர்வு வைத்தோம். மதிப்பெண்கள் நிறைய வந்தன, நாங்களும் மகிழ்ந்தோம். மூன்று மாதங்கள் சென்றபின், முழு மதிப்பெண் பெற்றுவந்த ஒரு மாணவியை நோக்கி, "உன் பெயர் என்ன?" என்று ஸ்பானிய மொழியில் வினவினோம். அவள் வாய் திறக்கவில்லை. தன் பெயரைச் சொல்லவும் அவளுக்கு மொழி துணை நிற்கவில்லை. குற்றம் அவளுடையதன்று; பயிற்றிய முறையினுடையது.

கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்பது பற்றி உளநூலார் கண்டவற்றை அதன்பின் மீண்டும் புரட்டிப் பார்த்தோம். அவற்றுள் நான்கு செய்திகள் எங்கள் வகுப்பை மாற்றின.

முதலாவது, மறதியைப் பற்றியது. ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து காட்டினார். கற்றவுடன் மறதி விரைந்து நிகழ்கிறது. பின்னர் மெல்ல நிகழ்கிறது. ஒரே நாளில் இரண்டு மணி நேரம் படிப்பதைவிட, அதே நேரத்தைப் பல நாட்களுக்குப் பகிர்ந்து படிப்பது நிலைத்த பயன் தரும். ஆகவே, திங்களன்று சொன்ன சொற்களைச் செவ்வாயன்றும், வெள்ளியன்றும், மறுவாரமும் மீண்டும் கேட்கிறோம்.

இரண்டாவது, நினைவுகூர்தலைப் பற்றியது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான ரோடிகர், கார்ப்பிக் இருவரும் ஒரு சோதனை நடத்தினர். மாணவருள் ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு சாரார் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடங்களுக்குப் பின் வைத்த தேர்வில் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, எழுதிப் பார்த்தவர்கள் முந்தினர். எங்கள் மாணவி தவறியதன் காரணம் இங்கே விளங்குகிறது. நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்டுகொள்வது வேறு; ஒன்றுமில்லாத இடத்தில் விடையை நினைவிலிருந்து எடுத்துத் தருவது வேறு. முன்னதைத் திரை மிக எளிதாகச் செய்விக்கிறது. பின்னதை ஆசிரியர்தாம் வற்புறுத்திச் செய்விக்க வேண்டும்.

மூன்றாவது, பேசுதலைப் பற்றியது. பொருள் விளங்கும்படியான பேச்சைப் பெருக்கமாகக் கேட்பதே மொழி கற்கும் வழி என்று 1980களின் தொடக்கத்தில் கிராஷன் என்னும் அறிஞர் வலியுறுத்தினார். அதில் உண்மை உண்டு. ஆயினும், கனடா நாட்டில் பல ஆண்டுகள் பிரெஞ்சு மொழியிலேயே பாடங்களைக் கேட்டுப் பயின்ற பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் சுவெய்ன், 1985ஆம் ஆண்டில் மற்றொரு பக்கத்தைக் காட்டினார். அப்பிள்ளைகள் கேட்டதை நன்கு புரிந்துகொண்டனர். பேசும்போதோ பிழைகள் நீங்கவில்லை. சொல்ல முயலும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது மாணவனுக்குத் தெரியவருகிறது என்பது அவர் முடிபு. இப்பொழுது எங்கள் வகுப்பில் ஆசிரியர் பத்து நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து பேசுவதில்லை. பிள்ளைகளை மும்மூன்று பேராகப் பிரித்துப் பேசவிடுகிறோம். நாணம் மிக்க பிள்ளை தன் குரலைப் பதிவு செய்து அனுப்புகிறது. இணைய இணைப்பு தடைப்படும் வீட்டாருக்கும் அவ்வழியே உதவுகிறது.

நான்காவது, முன்னறிவைப் பற்றியது. நம் குடும்பங்களுக்கு இதுவே தலையாயது. புதியது தனியே வந்து மனத்தில் தங்குவதில்லை. முன்பே தெரிந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு தங்குகிறது. அன்னையர் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு: "பிள்ளைக்கு ஏற்கெனவே மூன்று மொழி. இனி வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்திலேயே பேசினால் ஸ்பானிய மொழி எளிதாக வருமா?" கவலை நியாயமானதே, முடிவுதான் தவறானது. ஒரு மொழியில் ஊன்றிய திறன் மற்றொரு மொழிக்கும் துணையாகும் என்பதைக் கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979ஆம் ஆண்டில் விளக்கினார். ஸ்பானிய மொழியைப் பொறுத்தவரை, தமிழ் செய்யும் துணையை நாங்கள் வகுப்பிலேயே காண்கிறோம்.

சில சான்றுகள் காட்டுவோம். 'எனக்குப் புத்தகம் பிடிக்கும்' என்பதை ஸ்பானியர் 'மே குஸ்தா எல் லிப்ரோ' என்பர். 'மே' என்றால் 'எனக்கு'. ஆங்கிலத்தின் வழியே வரும் மாணவன் 'நான்' என்று தொடங்கித் தடுமாறுகிறான். தமிழ்ப் பிள்ளைக்கோ 'எனக்கு' என்று தொடங்குவது பிறவிப் பழக்கம். வேற்றுமை ஒன்று உண்டு: புத்தகங்கள் பலவானால் நம் 'பிடிக்கும்' மாறாது, அவர்களது 'குஸ்தா' என்பது 'குஸ்தான்' என்றாகும். இவ்வொன்றை மட்டும் நாங்கள் சொல்லித் தந்தால் போதும்.

'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்'. 'ஆப்லாமோஸ்' என்றால் 'பேசுகிறோம்'. வினையின் ஈறே இடத்தையும் எண்ணையும் காட்டுவதால், 'நான்', 'நாம்' என்று தனியே சொல்ல வேண்டுவதில்லை. தமிழிலும் அவ்வாறே அன்றோ? நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டைத் 'தூ', 'உஸ்தெத்' என்று அவர்களும் போற்றுகின்றனர்.

ஆங்கில மாணவரை நெடுநாள் அலைக்கழிப்பவை 'இரு' என்னும் பொருளுடைய இரு வினைகள். 'மி மாத்ரே எஸ் மாஎஸ்த்ரா' என்றால் 'என் தாய் ஆசிரியை'. 'மி மாத்ரே எஸ்தா கன்சாதா' என்றால் 'என் தாய் களைப்பாக இருக்கிறார்'. தமிழில் முன்னதற்கு வினையே இல்லை. பின்னதற்கு 'இருக்கிறார்' வருகிறது. எல்லா இடத்திலும் இவ்வொப்புமை செல்லாது. 'உயரமாக இருக்கிறார்' என்பதற்கு முதல் வினையே வரும். எனினும், இரண்டும் ஒன்றல்ல என்னும் உணர்வு தமிழறிந்த பிள்ளைக்கு விரைவில் பிறக்கிறது.

ஒலியிலும் இப்படியே. ஸ்பானிய மொழியில் தகரம் பல்லைத் தொட்டுப் பிறக்கிறது. நம் 'த' போன்றது, ஆங்கிலத்தின் 'ட' போன்றதன்று. உயிர்களின் இடையே அது மென்மையாகும்போது, 'அது' என்னும் சொல்லில் நாம் ஒலிப்பதற்கு மிக அருகில் வருகிறது. 'பெரோ' என்றால் 'ஆனால்'. ரகரத்தை உருட்டிப் 'பெர்ரோ' என்றால் 'நாய்'. ரகர றகர வேறுபாடு நம் பேச்சில் பல இடங்களில் மங்கிவிட்டபோதிலும், எழுத்தில் அதைப் பேணும் பிள்ளைக்கு, ஓர் ஒலி மாறினால் பொருளே மாறும் என்பதை விளக்குவது எளிது.

தமிழ் தராததை இந்தி தருகிறது. ஸ்பானிய மொழியில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். உயிரற்ற பொருளுக்குப் பால் ஏன் என்று தமிழ் மனம் வியக்கும். தில்லித் தெருவில் இந்தி பேசி வளர்ந்த பிள்ளை வியப்பதில்லை. ஆனால், புத்தகம் இந்தியில் பெண்பால் ஆதலால், பாலைச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

இனிப் பெற்றோர் செய்யத்தக்கது யாது? ஸ்பானிய மொழி அறிந்திருக்க வேண்டுவதில்லை. பாடம் முடிந்ததும் திரையை மூடச் சொல்லி, "இன்று கற்றதில் மூன்று வாக்கியங்களைச் சொல், அவற்றின் பொருளைத் தமிழில் எனக்கு விளக்கு" என்று கேட்டால் போதும். பிள்ளை நினைவுகூர்கிறது, வாய் திறந்து பேசுகிறது, புதியதைப் பழையதோடு இணைக்கிறது. இரண்டு நாள் கழித்து அதையே மீண்டும் கேளுங்கள். ஆசிரியர் பலநூறு கல் தொலைவில் இருக்கிறார். நீங்களோ அருகில் இருக்கிறீர்கள்.

முன்பு சொன்ன அம்மாணவி இப்பொழுது தயங்காமல் பேசுகிறாள். நாள்தோறும் மாலையில் அவளிடம் கதை கேட்பவர் அவளுடைய பாட்டியார். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, ஸ்பானிய மொழியும் தெரியாது. "அதைத் தமிழிலே எப்படிச் சொல்வாய்?" என்று மட்டும் அவர் கேட்பாராம். எங்கள் வகுப்பில் இல்லாத அந்த ஆசிரியைக்கு நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.