என்ன வேசம் கொடுத்தார்கள்?



தோழரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் இந்த உரையில் இந்த ஆண்டு என்னைப் பேச அழைத்தீர்கள். அவரோடு பயணித்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். கணீரென்ற குரல், அதனால் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நடித்தார். மூன்று ஆண்டும் ஒரே வேசம், வாயிற்காவலன். "மன்னா, புலவர் வந்திருக்கிறார்." அவ்வளவுதான் வசனம். சொல்லிவிட்டு ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும்.

அதனால் பிற்காலத்தில் யாராவது ஓடிவந்து, "தோழர், அந்த மேடையில் நம்ம ஆளை ஏத்திட்டாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னால் அவர் ஒன்றுதான் கேட்பார். "சரிப்பா, என்ன வேசம் குடுத்தாங்க?"

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இன்று ரொம்ப தூரம் போகப்போகிறேன். நியூயார்க்கில் உள்ள மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்குக்கு. தலைப்பைச் சொன்னதும் இளம் தோழர் ஒருவர், "ஓபராவா? அது பணக்கார வெள்ளைக்காரன் சமாச்சாரமாச்சே" என்றார். ஆமாம். அப்படிப்பட்ட இடத்தின் வாசலில் என்ன நடந்தது என்று பார்ப்பதற்குத்தான் போகிறோம்.

ஓபரா என்றால் பயந்துவிட வேண்டாம். பாட்டாலேயே கதை சொல்லும் நாடகம். நம் தெருக்கூத்தைப் போல அரசனும் பாடுவான், சாகப்போகிறவனும் பாடுவான். மைக் கிடையாது. எதிரே ஐம்பது அறுபது வாத்தியங்கள் முழங்கும்போது அவற்றைத் தாண்டி, கடைசி வரிசையில் இருப்பவரின் காதில் குரல் போய் விழ வேண்டும். அதற்கு உடம்பும் பயிற்சியும் வேண்டும். பயிற்சிக்குப் பணமும், சேர்த்துக்கொள்ளும் ஆசிரியரும் வேண்டும். சாதியோ நிறமோ வேலை செய்வது இந்தக் கடைசி இடத்தில்தான். திறமையை யாரும் நேரடியாக மறுப்பதில்லை. திறமை உருவாகும் இடத்தின் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

மெட்ரோபாலிட்டன் ஓபரா 1883இல் திறக்கப்பட்டது. அங்கே ஒரு கறுப்பினத்தவர் தனிப்பாடகராகப் பாடியது 1955இல். நடுவில் 72 ஆண்டுகள். அந்த இடைவெளிக்குள்தான் பாபாசாகேப் அம்பேத்கர் அந்த நகரத்தில் இருந்தார். 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். பின்னாளில், 1946இல், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதமும் எழுதினார். இரண்டு ஒடுக்குமுறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நாம் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த 72 ஆண்டுகளில் பாடத் தெரிந்தவர்களே இல்லையா? சிஸ்ஸியரெட்டா ஜோன்ஸ் இருந்தார். 1892இல் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஹாரிசன் முன் பாடியவர். அவரை எல்லோரும் 'கறுப்பு பட்டி' என்றார்கள். அடெலினா பட்டி என்ற புகழ்பெற்ற வெள்ளைப் பாடகியின் பெயரை இரவல் வாங்கி இவருக்கு ஒட்டிவிட்டார்கள். இது நமக்கும் பழக்கமான அவமானம்தான். நம்மில் ஒருவர் நன்றாக எழுதினால் இன்னொருவரின் பெயருக்கு முன்னால் 'தலித்' என்று போட்டு அழைப்பார்கள். எந்த ஓபரா நிறுவனமும் ஜோன்ஸுக்கு வேசம் கொடுக்கவில்லை. 1896 முதல் இருபது ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக, நகைச்சுவையும் ஆட்டமும் கலந்த ஒரு பயணக் குழுவில் ஊர் ஊராகப் போனார். கோமாளித்தனமெல்லாம் முடிந்தபிறகு, கடைசிப் பகுதியில் வந்து ஓபராப் பாடல்களைப் பாடுவார். 1933இல் வறுமையில் இறந்தார். அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் நடப்பட்டது 2018இல்.

மரியன் ஆண்டர்சனிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். 1897இல் பிலடெல்பியாவில் பிறந்தார். அப்பா பனிக்கட்டியும் நிலக்கரியும் விற்றவர், மரியன் சிறுமியாக இருக்கும்போதே வேலையிடத்தில் அடிபட்டு அதனாலேயே இறந்தார். அம்மா துணி வெளுத்தார், கடையில் தரை துடைத்தார். மகள் பாடியது தேவாலயத்தில். ஊரில் இருந்த ஓர் இசைப் பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கப் போனபோது, வரிசையில் நின்ற மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அவருக்குப் பாட்டு வாத்தியாரை ஏற்பாடு செய்தது தேவாலயத்து மக்கள். சில்லறை சில்லறையாகச் சேர்த்த காசு. உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது அவருக்கு வயது 24.

1925இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் நடத்திய போட்டியில் வென்றார். ஆனாலும் அமெரிக்காவில் அதற்கு மேல் பெரிதாக வழி திறக்கவில்லை. ஐரோப்பா போனார். 1935இல் சால்ஸ்பர்க்கில் அவர் குரலைக் கேட்ட டோஸ்கனினி, நூறு ஆண்டுக்கு ஒருமுறை கேட்கக் கிடைக்கும் குரல் என்று சொன்னார். அந்தப் பெயரோடு சொந்த நாட்டுக்குத் திரும்பியவருக்கு 1937இல் பிரின்ஸ்டனில் விடுதி அறை மறுக்கப்பட்டது. ஐன்ஸ்டீன் தன் வீட்டில் தங்கவைத்தார். தன் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான நாள் எது என்று கேட்டால் ஆண்டர்சன் டோஸ்கனினியைச் சொல்ல மாட்டார். அம்மா இனி வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்ல முடிந்த நாளைத்தான் சொல்வார். முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

1939 பலருக்குத் தெரிந்திருக்கும். வாஷிங்டனில் கான்ஸ்டிடியூஷன் ஹால் என்ற அரங்கத்தை அதன் சொந்தக்காரர்களான ஒரு மகளிர் சங்கம் அவருக்குத் தர மறுத்தது. வெள்ளைக் கலைஞர்களுக்கு மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். எலினார் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்திலிருந்து விலகினார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறன்று லிங்கன் நினைவிடத்தின் படிக்கட்டில் நின்று ஆண்டர்சன் பாடினார். எதிரே 75,000 பேர், கறுப்பரும் வெள்ளையரும் கலந்து. குளிருக்கு மேல்கோட்டைப் போட்டுக்கொண்டே பாடினார். நாட்டைப் புகழும் அந்தப் பாட்டில் 'நான் பாடுகிறேன்' என்று வரும் இடத்தை 'நாங்கள்' என்று மாற்றிக்கொண்டார். அவர் ஆர்ப்பாட்டக்காரர் இல்லை, அதிகம் பேசாதவர். ஒரு சொல்லை மாற்றினார், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகும் ஓபரா மேடை 16 ஆண்டுகள் காத்திருக்க வைத்தது. ருடால்ஃப் பிங் என்ற நிர்வாகி வந்து அழைத்தபோது ஆண்டர்சனுக்கு 57 வயது. 1955 ஜனவரி 7 அன்று மேடையேறினார். திரை விலகியதும் அவர் பாடத் தொடங்குவதற்கு முன்பே அரங்கம் கைதட்டியது. குரலின் உச்சம் கடந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியும், பயந்துபோய்த்தான் நின்றேன் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இப்போது தோழரின் கேள்வி. என்ன வேசம் கொடுத்தார்கள்?

வெர்டியின் 'முகமூடி நடனம்' ஓபராவில் உல்ரிக்கா. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் குறி சொல்லும் சூனியக்காரி. ஒரே ஒரு காட்சிதான். அந்த நாடகத்தின் இத்தாலிய மூலத்தில், இவளை நாடுகடத்த வேண்டும் என்று ஆளுநரிடம் முறையிடும் நீதிபதி, இவள் அசுத்தமான கறுப்பு ரத்தத்தில் வந்தவள் என்கிறான். 72 ஆண்டுகள் கழித்துத் திறந்த கதவு, இந்தப் பாத்திரத்தின் அளவுக்குத்தான் திறந்தது.

இருபது நாள் கழித்து, ஜனவரி 27 அன்று, ராபர்ட் மெக்ஃபெரின் வந்தார். அங்கே தனிப்பாடகராகப் பாடிய முதல் கறுப்பின ஆண். அவருக்குக் கிடைத்தது 'ஐடா'வில் அமொனாஸ்ரோ, அதாவது போரில் சிறைப்பட்டு வரும் எத்தியோப்பிய அரசன். அடுத்த ஆண்டு ரிகொலெட்டோ என்ற தலைமைப் பாத்திரமும் கிடைத்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மூன்று பருவங்களில் மிகச் சில இரவுகளே பாட அழைத்தார்கள், விலகிவிட்டார். 'கவலைப்படாதே, மகிழ்ச்சியாக இரு' என்று உலகத்துக்கே பாடிக்காட்டிய பாபி மெக்ஃபெரின் இவருடைய மகன்தான்.

இளையவர்கள் இந்த இடத்தில் என்னிடம் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். "அப்படிப்பட்ட வேசத்தை ஆண்டர்சன் ஏன் ஏற்றார்? எங்களுக்கும் இடம் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டத்தானே கூப்பிட்டார்கள்?" கணக்குக் காட்டத்தான். அதற்கு இன்னொரு சான்றும் தருகிறேன். 1957இல் அமெரிக்க அரசே அவரை ஆசிய நாடுகளுக்குப் பாட அனுப்பியது, இந்தியாவுக்கும் வந்தார். அம்பேத்கர் மறைந்ததற்கு மறு ஆண்டு அது. அதே ஆண்டு செப்டம்பரில் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் வெள்ளைக் கும்பல் மறித்தது. போன இடத்தில் அவரிடம் லிட்டில் ராக் பற்றிக் கேட்டார்கள். பாடகியாக மட்டும் அனுப்பப்படவில்லை, தன் நாடு நல்ல நாடு என்பதற்கான சாட்சியாகவும் அனுப்பப்பட்டார். அதுவும் ஒரு வேசம்தான்.

இருந்தாலும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. காரணம் லியோன்டின் பிரைஸ்.

பிரைஸ் 1927இல் மிசிசிப்பியின் லாரல் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பாவுக்கு மர அறுவை ஆலையில் வேலை, அம்மா பிரசவம் பார்ப்பவர். ஒன்பது வயதில் அம்மா அவரை ஜாக்சன் நகருக்குக் கூட்டிப்போய் ஒரு கச்சேரியைக் கேட்கவைத்தார். பாடியது மரியன் ஆண்டர்சன். அன்றே நான் என்ன ஆக வேண்டும் என்று தெரிந்துவிட்டது என்பார் பிரைஸ். 1955இல் தொலைக்காட்சி ஓபராவில் அவர் கதாநாயகி டோஸ்காவாக வந்தபோது தென் மாநிலங்களில் சில நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன.

பிறகு மெட்ரோபாலிட்டன் அழைத்தது. ஐடா வேசம். ஐடா எத்தியோப்பிய இளவரசி, எகிப்தில் அடிமையாக இருப்பவள். பிரைஸ் மறுத்துவிட்டார். தொலைக்காட்சி ஓபராவில் அவரை வழிநடத்திய பீட்டர் ஹெர்மன் ஆட்லர் கொடுத்த அறிவுரை அது. அந்த மேடையில் முதன்முதலில் கால் வைக்கும்போது அடிமையாக வைக்கக் கூடாது என்றார். மறுத்துவிட்டு வியன்னாவிலும் மிலானிலும் பாடினார். அங்கே ஐடாவையே பாடினார் என்பதைக் கவனியுங்கள். 1961 ஜனவரி 27 அன்று 'இல் த்ரொவத்தோரே'யில் அரண்மனைப் பெண் லியோனோராவாக மெட்ரோபாலிட்டனுக்குள் நுழைந்தார். கைதட்டல் நாற்பது நிமிடத்துக்கும் மேல் நீடித்தது என்கிறார்கள். 1966இல் லிங்கன் சென்டரில் புதிய அரங்கம் திறந்தபோது அதன் முதல் இரவுக்கென்றே எழுதப்பட்ட ஓபராவில் கிளியோபாட்ரா அவர்தான். 1985இல் விடைபெற்றபோது அவர் தேர்ந்தெடுத்தது ஐடா.

ஐடா கேவலமான பாத்திரம் இல்லை. யார், எப்போது, யாருடைய முடிவில் அதைப் பாடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'வேண்டாம்' என்று சொல்லும் வசதி பிரைஸுக்கு இருந்தது. ஆண்டர்சனுக்கு இல்லை. முன்னவர் ஏற்றுக்கொண்டதால்தான் பின்னவரால் மறுக்க முடிந்தது என்று நான் படிக்கிறேன். இதை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

நடுவில் மட்டிவில்டா டாப்ஸ் என்றொருவர் உண்டு. 1956இல் அதே அரங்கில் கில்டா என்ற காதல் நாயகியாகப் பாடினார், நிறத்தோடு சம்பந்தமே இல்லாத பாத்திரம். கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் பாட மாட்டேன் என்று அறிவித்து, அதில் உறுதியாக நின்றார். பிறந்த ஊர் அட்லாண்டா என்பதால் அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிரேஸ் பம்ப்ரி 17 வயதில் செயின்ட் லூயிஸில் ஒரு வானொலிப் போட்டியில் வென்றார். பரிசு, ஓர் இசைக் கல்லூரியில் படிக்க உதவித்தொகை. வெற்றி பெற்றவர் கறுப்பர் என்று தெரிந்ததும் கல்லூரி சேர்க்க மறுத்தது. வேண்டுமானால் தனியாக வைத்துச் சொல்லித்தருகிறோம் என்றது. தனிக் குவளை மாதிரி, தனி வகுப்பு. அவருடைய அம்மா வேண்டாம் என்றார். 1961இல் ஜெர்மனியின் பைராய்ட்டில், ஹிட்லர் கொண்டாடிய அந்த வாக்னர் விழாவில், பம்ப்ரி காதல் தெய்வம் வீனஸாகப் பாடினார். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. முதல் இரவில் 42 முறை திரையை விலக்கி அவரை அழைத்தார்கள்.

ஒரு முரணையும் சொல்ல வேண்டும். கறுப்பர்களை உள்ளே விடாத காலத்தில் ஐடாவையும் ஒத்தெல்லோவையும் யார் பாடினார்கள்? முகத்தில் கருமை பூசிக்கொண்டு வெள்ளையர்கள் பாடினார்கள். கறுப்பு மேடைக்கு வரலாம், கறுப்பர்தான் வரக் கூடாது. ஒத்தெல்லோவுக்கு மை பூசும் வழக்கத்தை மெட்ரோபாலிட்டன் 2015இல்தான் விட்டது. ஒரு கறுப்பினத்தவர் இசையமைத்த ஓபரா அங்கே முதன்முதலாக அரங்கேறியது 2021 செப்டம்பர் 27 அன்று. டெரன்ஸ் பிளான்சார்ட் இசையமைத்தது. யார் எந்த வேசம் போடுவது என்ற கேள்வியைத் தாண்டி, வேசத்தை யார் எழுதுவது என்ற கேள்விக்கு வர 138 ஆண்டுகள் ஆகியிருக்கிறது.

கடைசியாக என் சொந்த விஷயம். பதினைந்து ஆண்டுகளாக என்னை இலக்கிய விழாக்களுக்கு அழைக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே அமர்வு, 'தலித் இலக்கியம்: இன்றைய நிலை'. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதி நாற்காலி காலியாக இருக்கும் நேரம். நான் சமூகவியல் படித்தவள், மொழிபெயர்ப்பு பற்றி எழுதுகிறேன், சிறுகதை எழுதுகிறேன். எதற்கும் அழைப்பு வந்ததில்லை. இத்தனை ஆண்டுகளும் போய்க்கொண்டுதான் இருந்தேன். அது தவறென்றும் நினைக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு எழுத வந்த பெண்கள் இரண்டு பேர் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள்.

போன மாதமும் ஓர் அழைப்பு வந்தது. அதே அமர்வு, அதே நேரம். இந்த உரையை எழுதிக்கொண்டிருந்த நாளில்தான் பதில் அனுப்பினேன். தலித் அமர்வுக்கு வர இயலாது, சிறுகதை அமர்வுக்குத் தலைமை வகிக்கச் சொன்னால் வருகிறேன் என்று இரண்டே வரி. இன்று காலை வரை பதில் வரவில்லை.