பிள்ளைக்குக் கார் வாங்குமுன்



சிட்னியில் நம் பிள்ளைகள் சிவப்பு பி பலகையை மாட்டியதுமே வேகக் கார் கேட்கிறார்கள். நாமும் மனமிரங்கி வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்.

நியூ சவுத் வேல்ஸில் 2014 ஆகஸ்டிலிருந்து டர்போவா, வி8ஆ என்று பார்ப்பதில்லை. காரின் எடையில் டன்னுக்கு 130 கிலோவாட்டைச் சக்தி தாண்டக்கூடாது. 1,100 கிலோ காரில் 150 கிலோவாட் என்றால் கணக்கு 136; ஓட்ட முடியாது. அனுமதி பெற வேண்டிய அளவுக்கு இன்ஜினை மாற்றினாலும் அப்படியே.

மீறினால் 7 புள்ளிகள். சிவப்பு பி பலகைக்கு மொத்தமே 4 தான்! லைசென்ஸ் போனால் வேலைக்கும் படிப்புக்கும் மறுபடி நாம்தான் கொண்டுபோய் விட வேண்டும். "கூட்டாளிதான் ட்யூன் பண்ணினான், வாப்பா" என்பது போலீசிடம் எடுபடாது. வாப்பாவின் சொந்தக் காருக்கும் இதே சட்டம்தான்.

முன்பணம் கொடுக்குமுன் அரசு இணையதளத்தில் அந்தக் காரைத் தேடிப் பாருங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.