தாய்மையும் ஊதியமும்

ஆனி, ஆடித் திங்களில் குற்றாலத்தில் சாரல் வீசத் தொடங்கியதும், தென்காசி வழியே மக்கள் திரள்திரளாக அருவியாட வருகிறார்கள். அவர்கள் விட்டுச்செல்லும் குப்பையைக் கூட்டித் தூய்மை செய்பவர்கள் பேரூராட்சியின் துப்புரவுப் பணியாளர்கள். அவர்களுள் நாட்கூலி பெறும் பெண்ணொருவர் கருவுற்றால், பேறுகாலத்தில் அவருக்கு ஊதியம் உண்டா?

இதே வினா தில்லி மாநகராட்சியில் எழுந்தது. ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பு நிரந்தர ஊழியர்க்கே உரியது என்று மாநகராட்சி வாதாடிற்று. உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் அவ்வாதத்தைத் தள்ளி, 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் நாட்கூலிப் பெண்களுக்கும் பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது.

அச்சட்டம் அளித்த 12 வாரம், முதலிரு குழந்தைகளுக்கு 2017-இல் 26 வாரமாயிற்று. தமிழக அரசோ தன் பெண் ஊழியர்க்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் வழங்கியது. தந்தையர்க்கு, மத்திய அரசுப் பணியிலும் 15 நாள்தான்.

நண்பர்களே, குழந்தையின் பசி பணிப்பதிவேட்டைப் பார்த்து வருவதில்லை. நாளை உங்களுள் சிலர் நகராட்சி அலுவலராகலாம். துப்புரவுப் பெண்ணொருவரின் விடுப்பு விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வரலாம். அன்று இத்தீர்ப்பை நினைவிற் கொள்ளுங்கள்.